ஒரே ஒரு போர்டு

ஜெகதாப்பட்டினத்து உப்புத்தரையில் ஐஸ் கம்பெனி போட்டவன் நான். மூன்று விசைப்படகு விட்டேன். மூணாங்கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு மகளை இத்தாலியில் டாக்டர் பட்டம் வரை படிக்கவைத்தேன். அவள் பட்டம் வாங்குவதைப் பார்க்க வெனிஸுக்குத் தனியாகப் போக வேண்டியிருந்தது.

புதுக்கோட்டை டிக்கெட் ஆபீசில் முக்காடு போட்ட ஒரு அம்மா இருந்தார். கம்ப்யூட்டரை நம் பக்கம் திருப்பிக் காட்டித்தான் பேசுவார். "சரிதானுங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

மெதுவாக அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ரோமுக்குப் போயி ரயில் ஏறலாம். மிலான் போயி பஸ்ஸும் பிடிக்கலாம். ஒங்களுக்கு அதெல்லாம் வேணாங்கய்யா. துபாய்ல மாறி நேரா வெனிஸ்ல எறங்குங்க. வாசிக்க வேண்டியது ஒரே போர்டுதான்."

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதுன்னு யாரு சொன்னா?"

"நான் காட்டுனது மலேசியா டிக்கெட்டுங்க."

அவர் சிரிக்கவில்லை. போர்டில் வரும் எழுத்துகளைப் பெரிதாக எழுதிக் கொடுத்தார். "வெனிஸ் ஏர்போர்ட்லேருந்து ஊருக்குள்ள படகுலயே போகலாம். அத ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

மகள் பட்டம் வாங்கியதை முன்வரிசையில் இருந்து பார்த்தேன். மலேசியாவைத் தெரிந்தேதான் காட்டினாரா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அனுப்பிவைத்தவர் அவர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துபாயில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து ஏறியவன் நான். அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.