பன்னிரண்டு நாள் எரியாத சவுக்கு

மைசூரில் கிறிஸ்துமஸ் மரங்கள் பற்றி எரிந்ததை என்னைவிட அதிகம் பார்த்தவர் யாரும் இல்லை. நாற்பது மரங்கள் இருக்கும். நாற்பது என்பது சற்றுக் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன், இரண்டு. அந்த இரண்டிலும் முதலாவதில் எரிந்தது மரம் அல்ல, ஜன்னல் திரை. ஆக, ஒன்று. அது காளியப்பனின் மரம்.

காளியப்பன் ராமாபுரத்துக்காரன். ரயிலில் ஒன்பது வருடம் ஃபயர்மேனாக இருந்தான். எஞ்சின் வயிற்றில் கரியை அள்ளிப் போட்டு, தீ தணியாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த அனலைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டது. நாடு குடியரசான வருடம், கண் பரிசோதனையில் பச்சைக் கொடியைப் பார்த்து “செவப்புங்க” என்றான். வேலை போயிற்று. அன்றிலிருந்து எங்கள் சந்தில் அவன் நடந்தால் யாராவது ஒரு வாழையிலையைத் தூக்கிக் காட்டி, “இது என்ன நிறம், காளியப்பா?” என்பார்கள். நானும் ஒரு தடவை கேட்டேன்.

“உங்களுக்குப் புடிச்ச நெறமுங்க அம்மணி” என்றான்.

அவனும் அவன் மனைவி மல்லம்மாவும் அவனுடைய அக்காள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒண்டியிருந்தார்கள். மாடு வெளியே போனால்தான் மல்லம்மா காலை நீட்டிப் படுக்கலாம். ஒரு வேலையும் ஒரு கூரையும் வேண்டும் என்று அவன் தேடாத தெரு இல்லை.

அப்போதுதான் சொர்ணலதா அம்மாளுக்கு ஆள் தேவைப்பட்டது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நஜர்பாதில் பங்களா, மாதர் சங்கத்தில் எனக்குப் பழக்கம். முந்தின வருடம் அவர் வீட்டு மரத்து மெழுகுவத்தித் தீதான் ஜன்னல் திரையில் பிடித்து, பியானோ மேல் போட்டிருந்த பட்டு விரிப்பு வரை கருக்கியது. மரம் வைக்காமல் இருக்கவும் மனசில்லை, எரிந்துவிடுமோ என்று தூக்கமும் இல்லை. “கிறிஸ்துமஸிலிருந்து பன்னிரண்டு நாள் தீ வராமல் பார்த்துக்கொள்பவனுக்கு வாட்ச்மேன் வேலையை நிரந்தரமாகக் கொடுப்பேன், பின்னால் இருக்கிற அவுட்ஹவுஸையும் கொடுப்பேன்” என்று சங்கத்தில் சொன்னார்.

காளியப்பனிடம் இங்கிலீஷில் ஒரு சர்டிபிகேட் இருந்தது. ஃபயர்மேன், ஒன்பது வருடம், நன்னடத்தை. ரயில் என்ற பேச்சே அதில் இல்லை; தீயணைப்பவனுக்கும் இங்கிலீஷில் அதே பேர்தான். அதைப் படித்துச் சொன்னவள் நான்தான்.

“இதை அந்தம்மாகிட்ட நீட்டு. வாயை மட்டும் தொறக்காதே.”

“அவுங்க தீயணைக்கிற ஆளுன்னு நெனச்சுக்குவாங்களே? பொய்யாகாதுங்களா?”

“காயிதத்துல இருக்கறது பொய்யா?”

“இல்லீங்க.”

“அப்ப நீ எதுக்குப் பேசறே?”

சொர்ணலதா அம்மாள் காகிதத்தைப் படித்தார், தலைமுதல் கால்வரை அவனைப் பார்த்தார், “கடவுள் அனுப்பிய ஆள்” என்றார். மல்லம்மா அன்றே பாத்திரங்களைத் துலக்கிக் கட்டி வைத்தாள்.

தீயை வளர்த்தவனுக்குத்தான் அதற்கு என்ன பிடிக்கும் என்பது தெரியும். காளியப்பன் அதற்குப் பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். கிறிஸ்துமஸ் மரமாக வெட்டி வந்த சவுக்கின் அடியைப் புதிதாகச் சீவி, ஈர மணல் தொட்டியில் நட்டு, காலையும் மாலையும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான். ஜன்னல் ஓரத்திலிருந்து தள்ளி, காற்று வராத மூலையில் வைத்தான். பனி என்று ஒட்டியிருந்த பஞ்சை உரித்துப் போட்டான். எஞ்சினில் முதல் தீ மூட்டப் பஞ்சுதான் போடுவார்கள். அதைச் சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். மெழுகுவத்தி கிளை நுனிகளில் மட்டும். அதற்கு மேலே ஒரு முழத்துக்கு இலையோ காகிதமோ கூடாது. ஆள் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஏற்ற வேண்டும்; எழுந்தால் அணைத்துவிட வேண்டும். உதிர்ந்த ஊசி இலையைத் தினமும் கூட்டினான். ஒன்றை விரலில் வளைத்துப் பார்ப்பான். வளைந்தால் பச்சை, ஒடிந்தால் அன்றே மரத்தை வெளியேற்றுவதாகச் சொன்னான். எப்போதும் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு நனைந்த கோணிப்பை, அவன்.

பன்னிரண்டு நாளும் ஒரு பொறிகூட விழவில்லை. அதுதான் அவனுக்கு வினையாயிற்று.

பன்னிரண்டு நாளும் முடிந்து வரும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று மாலை விருந்து. நானும் போயிருந்தேன். கேக்கில் முட்டை இருக்கும் என்பதால் எனக்கு ஒரு தட்டு ஆரஞ்சுப் பழம். காட்டிலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற கந்தசாமி என்பவர் மரத்தைச் சுற்றி வந்தார்.

“ஏனம்மா, இது மரமா, குளிச்சுட்டு வந்த காக்காவா?”

எல்லாரும் சிரித்தார்கள். சொர்ணலதா அம்மாளின் முகம் சுருங்கியது.

“சரி, இந்த ஆளு பன்னெண்டு நாளா என்ன பண்ணினான்?” என்றார் கந்தசாமி.

“நின்னேனுங்க” என்றான் காளியப்பன்.

“நிக்கறதுக்குத் தூண் போதுமே. தீயை அணைச்சுக் காட்டுப்பா பார்க்கலாம்!”

அந்த அம்மாளுக்கும் ஆசை வந்துவிட்டது. எப்படியும் மரத்தை எடுத்துவிட வேண்டிய நாள். கொல்லையில் போட்டுக் கொளுத்துவது, காளியப்பன் அணைத்துக் காட்டுவது, அணைத்தால் இப்போதே அவுட்ஹவுஸ் சாவி. சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

மரத்தைக் கொல்லைக்கு இழுத்தார்கள். கந்தசாமி தீக்குச்சி கிழித்தார். பன்னிரண்டு நாள் தண்ணீர் குடித்த மரம் புகைந்ததே தவிர எரியவில்லை. ஒரு பெட்டி தீர்ந்தது. அவர் மண்டியிட்டு ஊதினார். புகை அவர் மூக்கிலேயே திரும்ப ஏறியது. விருந்தாளிகள் இருமினார்கள்.

நான் காளியப்பனின் கைகளைப் பார்த்தேன். அவை சும்மா இருக்க முடியாமல் வேட்டியைப் பிசைந்துகொண்டிருந்தன. ஒன்பது வருடம் தீ வளர்த்தவனுக்கு முன்னால் ஒரு காட்டிலாகா அதிகாரி இவ்வளவு மோசமாகத் தீ மூட்டக் கூடாது.

“தள்ளுங்க சாமி. இப்படி ஊதுனா நாளைக்குத்தான் புடிக்கும். கீழ காத்துப் போகோணுமுல்லங்க?”

மூன்று செங்கல்லை அடுக்கி, அதன்மேல் மரத்தைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்தான். அடியில் மெழுகுத் துண்டுகள், உரித்துப் போட்ட பஞ்சு, காய்ந்த சருகு. ஒரு குச்சிதான் கிழித்தான். பிறகு தோட்டத்து மண்வெட்டியை எடுத்து, இடுப்பைத் திருப்பி, வறட்டியும் சருகுமாக அள்ளி வீசினான், ஒன்று, இரண்டு, மூன்று. தீ பனைமர உயரம் எழுந்தது. சரி, ஓட்டுக் கூரையின் விளிம்பு உயரம். ஆளுக்கு ஆள் கை தட்டினார்கள்.

“போதும், அணை!” என்றார் சொர்ணலதா அம்மாள்.

அவன் முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. “கொஞ்சம் இருங்க அம்மணி. இப்பத்தான் வெள்ளையாத் திரும்புது. இன்னும் ரெண்டு வீச்சுப் போட்டா ஸ்டீம் வந்துரும்.”

“ஸ்டீமா? எந்த ஸ்டீம்?”

கந்தசாமிக்கு முதலில் விளங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ரயில் ஃபயர்மேன், அம்மா! தீயை அணைக்கிற ஆள் இல்லை இவன், தீ போடற ஆள்!”

காளியப்பன் இரண்டு வாளியில் அந்தத் தீயை அணைத்தான். ஒரு கங்குகூட மிஞ்சவில்லை. யாரும் பார்க்கவில்லை; எல்லாரும் சொர்ணலதா அம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பன்னெண்டு நாளா என் வீட்டுக்குள்ள தீ போடறவனையா வச்சிருந்தேன்?”

“எரியலீங்களே அம்மணி.”

“எரியலைன்னா அதுக்குக் கடவுள் காரணம்.”

அவன் என் பக்கம் திரும்பினான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஆரஞ்சுச் சுளையில் நார் எடுத்துக்கொண்டிருந்தேன். சாவி அந்த அம்மாளின் இடுப்புக்குப் போயிற்று.

அதன் பிறகு காளியப்பன் நிமிர்ந்த தலையோடு ராமாபுரம் திரும்பி, ராகி பயிரிட்டு, ஊரே மெச்சும்படி வாழ்ந்தான்.

பல வருடம் கழித்து இவ்வளவும் எழுதி மல்லம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“ராமாபுரத்துக்கு எங்கீங்க போனாரு? மரம் எரிஞ்ச மக்கா நாளே அந்தம்மா என்னையக் கூப்பிட்டு வேலை குடுத்தாங்க. அவுட்ஹவுஸும் எனக்குத்தான். அவரு காம்பவுண்டுக்குள்ள காலு வெக்கப்படாது, அது ஒண்ணுதான் சொன்னாங்க. எட்டு வருசம். மண்டி மொஹல்லாவுல மூட்டைக்கடை வாசல்ல படுத்துக்குவாரு, சோறு வாங்கப் பங்களா கேட்டுக்கு வெளியில வந்து நிப்பாரு. கிறிஸ்மசு வந்தா வாளியோட மரத்துக்கிட்ட நிக்கறது நானு. கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, ‘தண்ணி ஊத்துனயா?’ன்னு கேப்பாரு. ‘ஊத்துனேன்’னு சொல்லுவேன். அவ்வளவுதானுங்க நாங்க பேசிக்கிட்டது.”