ஃபேன் ஓடாத மாடி அறை

எங்கள் மாடியில் குடியிருந்தவர் சாக்ஸபோன் வாசிப்பவர். ஒல்லியான உடம்பு. வாத்தியத்தின் வார் உரசி உரசிக் கழுத்து கறுத்திருக்கும். தனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு பியானோவையும் கொண்டுவந்து வைத்திருந்தார். அதை வாசிக்க அடி அண்ணாமலையிலிருந்து ஓர் அம்மா ஸ்கூட்டியில் வருவார். அந்த அம்மா வந்ததும் சன்னல், கதவு எல்லாம் சாத்திவிடுவார்கள். சித்திரை வெயிலிலும் ஃபேன் ஓடாது. வெளியே வரும்போது இருவரும் வேர்வையில் நனைந்திருப்பார்கள்.

"நம்ம பூஜை ரூமுக்கு நேர் மேலங்க. காலி பண்ணச் சொல்லிடுங்க," என்றாள் என் மனைவி. எனக்கும் சந்தேகம்தான். அந்த அம்மா வந்திருந்தபோது, அண்ணாமலையாரை நினைத்துக்கொண்டு மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

"எதுக்குங்க ஃபேனை நிறுத்தறீங்க?"

"நான் மூச்சு இழுக்கறது அவங்களுக்குக் கேக்கணும் சார். எங்களுக்குத் தாளம் போட ஆள் இல்ல. என் மூச்ச வெச்சுதான் அவங்க கை எறங்கும். உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். அது சாமி பாட்டு இல்லை, ஜாஸாம். அந்த அம்மா முதுகைக் காட்டியபடி இருந்தார். இவரும் கண்ணை மூடிக்கொண்டார். இவர் மூச்சு இழுத்த அதே நொடியில் பியானோ எழுந்தது. இவர் தயங்கினால் அந்த விரல்களும் காத்திருந்தன. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் என் மனைவியின் மூச்சை அப்படிக் கேட்டதில்லை.

கீழே வந்தேன்.

"தப்பு ஒண்ணும் இல்ல. இருந்துட்டுப் போகட்டும்," என்றேன்.

"அப்ப அவங்களுக்குள்ள ஒண்ணும் இல்லன்றீங்க?"

நான் போய் எங்கள் ஃபேனை நிறுத்தினேன்.