நிறைகுடத்தால் விழுந்த கோட்டை

போன செவ்வாய்க்கிழமை, ஒரு கோட்டைச் சனம் முழுவதையும் பட்டினி போட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டர் கேமில்தான்… பயப்படாதீர்கள்.

என் மருமகள் வதனி இரண்டு வருடமாக வீட்டு அறைக்குள் இருந்து செய்த கேம் அது. எதிரி வளைத்துக்கொண்ட கோட்டையை யோசித்து யோசித்துக் காப்பாற்ற வேண்டும். முன்பு ஒரு கம்பனி, எதை எங்கே அழுத்துவது என்று விளங்கவில்லை எனத் திருப்பி அனுப்பிவிட்டது. அன்று நாலு மணிக்கு வேறொரு கம்பனிக்காரர் வீடியோவில் வந்து விளையாடிப் பார்க்க இருந்தார். அவரும் வேண்டாம் என்றால், இதை மூடிவைத்துவிட்டுக் கொழும்பில் வேலைக்குப் போவது என்று வதனி முடிவெடுத்திருந்தாள்.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு என்னிடம் வந்தாள். "மாமி, நீங்கள் ஒருக்கா விளையாடுங்கோ. உங்களுக்கு விளங்கினா எல்லாருக்கும் விளங்கும்."

இது பாராட்டா, வேறு ஏதாவதா? அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் அதைக் கேட்கவில்லை.

"பிழை விட்டா என்ன செய்யிறது பிள்ளை?"

"நான் வாயே திறக்கமாட்டன். நீங்களாக் கண்டுபிடிக்கோணும்."

சொன்னபடியே கொப்பியும் பேனையுமாகப் பின்னால் நின்றாள். எனக்கோ யாராவது பார்த்துக்கொண்டு நின்றால் தேங்காய்கூடத் திருவ வராது.

மதில் கட்டினேன். வில்லுக்காரரை மேலே ஏற்றினேன். அதுவரை சரி. பிறகு மேல் மூலையில் சாப்பாட்டு இலக்கம் — எறும்பு எழுத்தில் — குறையத் தொடங்கியது. முப்பது. இருபது. களஞ்சியத்தைத் திறக்க வேண்டும்… எங்கே அது? ஸ்க்ரீன் முழுக்கத் தேடினேன். பத்து. பின்னால் வதனியின் மூச்சு கேட்டது. அவளிடம் கேட்கலாமா? ஐந்து. ஆட்கள் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். வாசல் உடைந்தது.

"கீழ நடுவில குடம் இருக்கெல்லோ மாமி! அதுதான் களஞ்சியம், ஏன் தட்டேல்லை?" அழுகிற குரல்.

கண்டேன்தான். தேங்காயும் மாவிலையும் வைத்து, அவ்வளவு வடிவு.

"அது நிறைகுடமெல்லோ பிள்ளை… சபையில வைச்ச குடத்தில ஆரும் கை வைப்பினமே?"

அவள் என்னைப் பார்த்தாள். ஸ்க்ரீனைப் பார்த்தாள். "ஐயோ, வடிவுக்கெண்டு வைச்சனான் மாமி!"

மணி இரண்டரை. இனி வெட்கப்பட்டு என்ன?

"உந்த இலக்கம் மேல் மூலையில, சாப்பாடு எடுக்கிற இடம் கீழ. அடுப்பு குசினியில, உப்புப் போத்தல் விறாந்தையில எண்டா ஆர் சமைப்பினம்?"

குடம் இருந்த இடத்தில் ஒரு நெல் மூட்டை வந்தது. இலக்கம் பெரிதாகி அதன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. வதனி மாற்றி முடித்தபோது நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம்.

கம்பனிக்காரர் விளையாடும்போது நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன். முப்பது… இருபது… என் கை சீலையைக் கசக்கியது. அந்த மனிதர் யோசிக்கவே இல்லை. மூட்டையைத் தட்டினார். கோட்டை தப்பியது. "நாங்கள் எடுக்கிறம்" என்றார். "ஆர் டெஸ்ட் பண்ணினது?"

"எங்கடை மாமி! மாமி, இஞ்ச வாங்கோ!"

நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

பாங்க் மெஷினுக்கு முன்னால், புது போனுக்கு முன்னால், எனக்குத்தான் அறிவு காணாது என்று எத்தனை தரம் தலைகுனிந்து நின்றிருப்பேன்? அங்கெல்லாம் யார் எந்தக் குடத்தை எங்கே வைத்தார்களோ!

வதனி நிறைகுடத்தை எறியவில்லை. இப்போது அது கோட்டை வாசலில் நிற்கிறது — எதிரி தட்டி விழுத்தாமல் வந்தால் சரி.