இரண்டு கையாலும் கொடுக்கிற ஊர்

எங்கள் பேத்தி இங்கே ஜேர்மனியில், டோர்ட்மண்டில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் படிப்பது சீன மொழி. ஏன் சீனம் என்று கேட்டால் சிரிப்பாள். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். “அம்மா, கதைக்கு வாங்கோ” என்று இப்போதே அவசரப்படுத்துகிறாள். வருகிறேன்.

போன கோடையில் பேத்தியைச் சீனாவில் ஒரு மலைக் கிராமத்துக்கு ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, அனுப்பினார்கள். ஒரு வயதான மனுசியின் வீட்டில் தங்கி, அவர் தேயிலை வறுக்கும் விதத்தைக் கேட்டு எழுதிவர வேண்டும். எழுதாவிட்டால் அந்த செமஸ்டரே வீண். சுடுகிற சட்டிக்குள் வெறுங்கையால் இலையைப் புரட்டுவார்களாம். நானோ ஓவனிலிருந்து தட்டு எடுக்கவே இரண்டு துணி பிடிக்கிறவள்.

இரண்டாம் கிழமை வீடியோவில் அழைத்தாள். எனக்குக் காலைத் தேத்தண்ணி நேரம், அங்கே பின்னேரமாம். ஒரே சூரியன்தானே, இது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிள்ளையின் முகம் வாடியிருந்தது.

“அம்மம்மா, இந்த ஆச்சி என்னோட கதைக்கிறாவே இல்லை. தேத்தண்ணி குடுத்தாலும் வாங்கமாட்டா. மேசையில வையெண்டு கையைக் காட்டுறா.”

“நீ என்னடி செய்தனீ?”

“ஒண்டும் செய்யேல்லை! நீங்கள் பழக்கின மாதிரி வலக்கையாலதான் குடுக்கிறன். இடக்கையைப் பின்னால வைச்சிருக்கிறன்.”

“பிறகென்ன குறை? வலக்கையைக் கண்டு கோவிக்கிற சனமும் இருக்கோ?”

அந்த நேரம் பார்த்து அந்த மனுசியே உள்ளே வந்தார். சின்ன உருவம், என் வயதுதான் இருக்கும். பேத்தி போனைத் திருப்பி என்னைக் காட்டினாள். அவர் கிட்ட வந்து உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு கிண்ணம் தேத்தண்ணியைப் போனுக்கு நேரே எனக்கு நீட்டினார். இரண்டு கையாலும்!

எனக்குத் தலை சுற்றியது. குடிக்கிற சாமானில் இடக்கை! ஆனாலும் நீட்டுகிறவரை என்ன செய்வது? கோயிலில் நற்கருணை வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்து ஏந்திவிட்டேன். சின்ன வயதில் நாங்கள் நாக்கில்தான் வாங்கினோம். கையில் வாங்கப் பழகியது இங்கே வந்துதான், அன்றைக்கும் இப்படித்தான் குழம்பினேன். மனுசி விழுந்து விழுந்து சிரித்தார். பேத்தியின் தோளில் தட்டி, என் கைகளைக் காட்டி, நீளமாக ஏதோ சொன்னார்.

“என்னவாம்?”

“அவவின்ர ஊர்ப் பேச்சு எனக்குப் பாதிதான் விளங்குது. பெரியாக்களுக்கு ஒரு கையால குடுக்கிறது மரியாதை இல்லையாம். உன்ர அம்மம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, உனக்கேன் தெரியேல்லையெண்டு கேக்கிறா.”

“ஐயோ, நானெல்லோ உன்னை அப்பிடிப் பழக்கினனான்!”

“அதைச் சொல்லட்டோ?”

“வாயை மூடு, விசரி!”

பேத்தி போனைச் சுவரோடு சாத்திவிட்டு, புதிதாகத் தேத்தண்ணி ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். மனுசி வாங்கி ஒரு மிடறு குடித்தார். குடித்த கையோடு கதைக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. சட்டியைக் காட்டுகிறார், இலையை அள்ளிக் காட்டுகிறார். பிள்ளை எழுதுகிறாள், எழுதுகிறாள், பக்கம் பக்கமாக. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவரோ இடையிடையே என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நானும் “ஓம், ஓம்” என்று தலையாட்டினேன். எதற்கு ஓம் சொன்னேனோ, கடவுளுக்குத்தான் தெரியும்.