தென்னம்பிள்ளைக்கு ஊற்றிய மருந்து

பேசாலை ஊரில் அகஸ்ரினாவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவளுடைய குரலைக் கேட்டவர்கள் குறைவு. மாதா கோயிலில் கடைசி வாங்கில் இருப்பாள். யாராவது ஏதாவது கேட்டால் தலையசைப்பாள். அப்படிப்பட்டவள் பொய் சொல்லுவாள் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அதனால்தான் அந்தப் பொய் ஆறு கிழமை தாக்குப்பிடித்தது.

அவளுடைய கணவர் ஜெராட் கடற்தொழிலாளி, வாய் ஓயாத மனிதர். போன வருடம் அவருக்கு வந்த புற்றுநோய் முதுகெலும்பு வரை இறங்கிவிட்டது. இனிச் சுகப்படுத்த முடியாது, நோவைக் குறைக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமைகளில் மன்னாரிலிருந்து யசோதா என்ற தாதி வீட்டுக்கு வந்தாள். முதல் நாளே மோர்பின் என்ற திரவ மருந்துப் போத்தல் ஒன்றும், கோடு போட்ட சின்னக் கோப்பை ஒன்றும் கொடுத்தாள்.

"நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இந்தக் கோடு மட்டும் நிரப்பிக் குடுங்கோ அக்கா. நோ வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ."

"போதை மருந்தோ மிஸ்?"

"நோவுக்கான மருந்து அக்கா. நாங்கள் சொல்லுற அளவிலை குடுத்தாப் பயப்பிடத் தேவையில்லை."

அகஸ்ரினா தலையசைத்தாள். ஆனால் அவளுடைய மனமெல்லாம் தம்பி கொலின்சிடம் இருந்தது. போதைத்தூள் பழகி, தாயின் சங்கிலியை விற்று, இப்போது மறுவாழ்வு முகாமில் இருக்கிறான். அவனுடைய கண்கள் செருகி நின்ற விதம் அவளுக்குத் தெரியும். முதல் கோப்பையைக் குடித்துவிட்டு ஜெராட்டின் கண் செருகியபோது அவளுக்கு அதே கண்கள்தான் தெரிந்தன. அடுத்த வேளையிலிருந்து கோட்டில் பாதிக்கு மருந்தை விட்டாள். மிச்சத்துக்குத் தண்ணீர் கலந்தாள்.

நோ குறையவில்லை. "இன்னும் கொஞ்சம் தாவன்" என்று அவர் கேட்கும்போது, "அவ்வளவுதான் தரச் சொன்னவை" என்பாள். யசோதா வந்து, "நோ எப்பிடி?" என்று கேட்டால் அவளே முந்திக்கொண்டு, "குறைவு மிஸ்" என்பாள். ஜெராட் அவளைப் பார்ப்பார். பிறகு கூரையைப் பார்ப்பார்.

ஒரு நாள் அவர் துவாயைக் கடித்துக்கொண்டு கிடந்ததைக் கண்டாள். அந்தத் துவாய் அவளை முப்பது வருடத்துக்கும் மேலே பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனது. இடம்பெயர்ந்து போய்த் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலம். வயிற்றில் கட்டியோடு அவளுடைய தகப்பன் இப்படித்தான் துவாயைக் கடித்தார். பதின்மூன்று வயது அகஸ்ரினா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, குடிசை குடிசையாக ஒரு குளிசை கேட்டு அலைந்தாள். பனடோலும் உப்பு ஒத்தடமும்தான் கிடைத்தன. "இந்த நோவுக்கு ஒரு மருந்து இல்லையே மாதாவே" என்று அன்று அழுதவள் அவள். இன்று மருந்து அலுமாரிக்குள் இருந்தது. அதைப் பூட்டிய திறப்பு அவளுடைய இடுப்பில் இருந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு குசினிக்குப் போனாள்.

வெறுமையான பழைய போத்தலை யசோதாவிடம் காட்டித்தான் புதியதை வாங்க வேண்டும். அதனால் அவள் வரும் ஒவ்வொரு செவ்வாயும் காலையில், மிஞ்சிய மருந்தைக் கிணற்றடித் தென்னம்பிள்ளையின் அடியில் ஊற்றிவிட்டுப் போத்தலைக் கழுவி வைப்பாள். ஜெராட்டின் கட்டில் யன்னலோரம் கிடந்தது. அவர் நித்திரை என்று நினைத்திருந்தாள்.

நான்காவது முறை யசோதா வந்து கதிரையில் இருந்ததும் அவர் தானாகவே கதைத்தார்.

"மிஸ், எங்கட தென்னம்பிள்ளைக்கு இப்ப ஒரு நோவும் இல்லை."

"என்ன அண்ணை?"

"முழு அளவு குடிக்குதெல்லே. எனக்குத்தான் காணுதில்லை."

யசோதா யன்னலால் கிணற்றடியைப் பார்த்தாள். கழுவி வைத்த போத்தலைப் பார்த்தாள். பிறகு அகஸ்ரினாவைப் பார்த்தாள். ஏசியிருந்தால் அகஸ்ரினா தாங்கியிருப்பாள். யசோதா ஏசவில்லை. "எவ்வளவு குடுத்தனீங்கள் அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அகஸ்ரினா கோட்டின் பாதியில் விரலை வைத்தாள். "தம்பியை மாதிரி ஆகிடுவாரெண்டு..."

ஜெராட் சிரிக்கப் பார்த்தார். "விசரி, நான் பழகி உன்ர சங்கிலியை விக்கிறதெண்டாலும் முதல்ல கட்டிலை விட்டு எழும்ப வேணுமே."

"நான் ஊத்தினதைக் கண்டனீங்களெண்டா ஏன் சொல்லேல்லை?" என்று அகஸ்ரினா கேட்டாள்.

"நீ பயந்துபோய் நிண்டனி. உன்ர முகத்தைப் பாத்தா வாய் வரேல்லை. இண்டைக்குத் தாங்கேலாமல் போச்சுது."

அன்றைக்கு யசோதாவின் முன்னால் அகஸ்ரினா கோடு வரை மருந்தை ஊற்றிக் கொடுத்தாள். பின்னேரம் அவர் வாய் திறந்து குறட்டை விட்டார். மன்னிப்புக் கேட்கக் கட்டிலோரம் போய் நின்றவளுக்கு அந்த நித்திரையைக் குழப்ப மனம் வரவில்லை. எழும்பியதும் அவர் மீன்சொதி கேட்டார். மன்னிப்பு அன்றும் நின்றுபோனது, அடுத்த நாளும் நின்றுபோனது. பதினொரு நாள் அவர் பகிடி விட்டுக்கொண்டே இருந்து செத்தார். ஆறு கிழமையும் இப்படி இருந்திருக்கலாம். அந்தக் கணக்கை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஐந்து மாதம் கழித்து யசோதா வந்து கூப்பிட்டாள். "நானாட்டானிலை ஒரு வீடு, அக்கா. நோ மருந்து குடுக்கப் பயப்பிடுகினம், நான் சொன்னாக் கேக்கினமில்லை."

"எனக்குக் கதைக்க வராது மிஸ்."

"வந்து இருங்கோ. அது காணும்."

அந்த வீட்டில் சரவணமுத்து என்ற கமக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டு கிடந்தார். மனைவி மங்கையற்கரசி சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து மருந்துப் போத்தலை எடுத்து வந்தாள். முக்கால்வாசி இருந்தது.

"அரைவாசி காணும் மிஸ், அவருக்கு. பெரிசா நோவில்லை."

கட்டிலில் கிடந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் அகஸ்ரினாவுக்குத் தெரிந்த மௌனம். எழுந்து வெளியே போய்விடத்தான் நினைத்தாள்.

"நான் தென்னைக்கு ஊத்தினனான்" என்றாள்.

மங்கையற்கரசி திரும்பினாள். "எதை?"

அகஸ்ரினா கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட, அவருக்கும் கேட்கிற தூரத்தில் இழுத்துப் போட்டாள்.