ஆறு மணி நேரக் கிணறு

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு கிணற்றைப் பங்கு போட்டுக் கொடுத்தேன். கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு கிணறு, ஒரு மோட்டார், மூன்று பங்காளிகள். மூத்தவர் கோவிந்தனுக்கு மூன்று ஏக்கர், அடுத்த தம்பிக்கு இரண்டு, இறந்துபோன கடைசித் தம்பியின் மனைவி அஞ்சலைக்கு ஒன்று. தண்ணீர்த் தகராறு வழக்காகி, கோர்ட் எங்கள் வக்கீலைக் கமிஷனராகப் போட்டது. நேரில் பார்த்து எழுதும் வேலை எனக்கு.

கார்த்திகை மாதம். கிணறு நிறைந்து கிடந்தது. பகலில் கரண்ட் பத்து மணியிலிருந்து ஆறு மணி நேரம். மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்று பிரித்தேன். மூத்தவருக்கு மூன்று மணி நேரம், தம்பிக்கு இரண்டு, கடைசியில் அஞ்சலைக்கு ஒன்று.

"கோடையில கடைசி ஆளுக்குத் தண்ணி நிக்குமாங்க சார்?" என்றாள் அஞ்சலை.

"உன் ஒரு மணி நேரத்தை யாரும் தொட முடியாதும்மா" என்றேன். அப்படியே தீர்ப்பானது.

வேர்க்கடலை போட்டிருந்த அஞ்சலை பங்குனியில் ஆபீசுக்கு வந்து நின்றாள். "மல்லாட்டை காய் புடிக்கிற நேரம் சார். ஒரு சொட்டு வரல."

அவளோடு பஸ் ஏறினேன். பத்து மணிக்கு மோட்டார் போட்டார் கோவிந்தன். பதினொன்றரைக்கே தண்ணீர் தீர்ந்து மோட்டார் காற்று இழுத்தது. பிறகு ஊற ஊறத் தம்பி மூன்று மணி வரை விட்டுவிட்டு இறைத்துவிட்டார். மூன்று மணிக்கு அஞ்சலை சுவிட்சைப் போட்டாள். வெறும் சத்தம். மோட்டார் எரிந்துவிடும் என்று அவளே நிறுத்தினாள்.

கோவிந்தனிடம் போனேன். "பெரியவரே, ஓடுறதே ஒன்றரை மணி நேரம். உங்களுக்கு முக்கால் மணி, தம்பிக்கு அரை மணி, இந்தம்மாவுக்குக் கால் மணின்னு வெச்சுக்கலாமே?"

"எனக்கு மூணு மணி நேரம்னு எழுதுனது நீங்கதானே? ஒரு நிமிஷம் ஜாஸ்தி எடுத்தேனா? என் பயிரும்தான் காயுது."



தீர்ப்பைத் திருத்தச் சொல்லி மனுப் போட்டோம். வாய்தாவுக்கு மேல் வாய்தா. மனு எடுக்கப்பட்ட அன்று அஞ்சலை வரவில்லை. செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டு, நிலத்தைக் கோவிந்தனுக்கே விற்றுவிட்டு, பிள்ளைகளோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள் என்றார்கள். "பார்ட்டிக்கு நிலமே இல்ல. தள்ளுபடி" என்று வக்கீல் கேஸ் கட்டை என்னிடம் நீட்டினார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். விகிதம் போட ஒரு நிமிடம் போதும். எதைப் பிரிக்கிறோம் என்று பார்ப்பதுதான் வேலை. நான் பிரித்தது கடிகாரத்தை. அதற்குப் பின் எந்தக் கிணற்றுக்குப் போனாலும், பங்குனியில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்காமல் பேனாவைத் திறந்ததில்லை. அஞ்சலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.