கம்பெனி போட்ட நாற்காலி

என் வீட்டுக்காரர் பாஸ்கலுக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். மற்ற நாலையும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பவர் பிரஸ் நசுக்கிவிட்டது. கை உள்ளே இருந்தால் மிஷின் தானாக நிற்பதற்கு ஒரு சென்சார் உண்டு. வேலை மெதுவாகிறதாம், அதன் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். த்தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பு.

ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் கிரண் பிளம் கேக்கோடு வந்தார். "நீங்க நம்ம வீட்டு ஆளு பாஸ்கல். கேஸு, கோர்ட்டுனு எதுக்கு அலையணும்? உட்கார்ந்த வேலை தர்றோம், அதே சம்பளம்" என்றார். இவர் உருகிப்போய்விட்டார். கட்டுப் பிரித்த வாரமே முதலாளிக்காக மாதா கோயிலில் பூசைக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்த வேலை என்பது கேட் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வெளிநாட்டு பார்ட்டி யாராவது கம்பெனியைப் பார்க்க வந்தால், கிரண் ஓடிவந்து "கையைப் பாக்கெட்ல வெச்சுக்கோங்க பாஸ்கல்" என்பார். இவரும் வைத்துக்கொள்வார். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்வார். 

விபத்து நடந்தால் கம்பெனி தானாகவே நஷ்டஈடு கட்ட வேண்டும் என்றுதான் சட்டத்தில் இருக்கிறதாம். கட்டவில்லையென்றால் தொழிலாளிதான் இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். எங்களுக்கு அது தெரியாது, கிரணுக்குத் தெரியும். இரண்டு வருஷம் முடிந்த அந்த வாரமே, "கேட் வேலையை ஏஜென்சிக்கு விட்டுட்டோம், நாளையிலேர்ந்து வர வேணாம்" என்று அனுப்பிவிட்டார். நாற்காலி எதற்குப் போட்டார்கள் என்பது அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறியது.

வக்கீல் ஹெலினாவிடம் போனோம். "சரியான காரணம் காட்டினா, லேட்டானாலும் மனுவை எடுத்துப்பாங்க. ஏன் லேட்டாச்சு?" என்று கேட்டார்.

"நம்பிட்டேன் மேடம்" என்றார் இவர்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. ஏமாற்றியவனுக்கு ஒரு கெடுவும் கிடையாது, ஏமாந்தவனுக்கு மட்டும் கெடு. இதை எந்தப் புண்ணியவான் எழுதி வைத்தானோ. மனுவைப் போட்டுவிட்டுக் காத்துக்கிடக்கிறோம்.

போன மாதம் அதே பிரஸ்ஸில் திருமுல்லைவாயில் பையன் உத்தமனுக்கு மூன்று விரல் போயிற்று. ஒயரை இன்னும் யாரும் மாட்டவில்லை. கிரண் எங்களுக்கே போன் போட்டார். "ஆஸ்பத்திரிக்கு வந்து அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க பாஸ்கல், கம்பெனி உங்களை நல்லா பாத்துக்கிச்சுனு. மறுபடி உங்களுக்கும் ஏதாவது பண்ணலாம்." கூச்சநாச்சம் இல்லாத ஜென்மம். இவர் சரி என்று சட்டையை மாட்டினார்.

"அங்க போய் இன்னாயா சொல்லப்போறே?" என்றேன்.

"கூட வந்து கேளு" என்றார்.

ஆஸ்பத்திரியில் கிரண் எங்களுக்கு முன்னாலேயே கேக்கோடு நின்றிருந்தார். அதே பேக்கரி டப்பா. இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உத்தமன் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினார்.

"இத்த நல்லா பாரு நைனா. உனுக்கு ஒரு சேர் போடுவாங்க. ரெண்டு வருசம் முழுச் சம்பளம் வரும். மனு போடற கெடு தாண்டுன ஒடனே தொரத்தி வுட்டுடுவாங்க. எனுக்கு அதான் பண்ணாங்க. அதுல குந்தறதுக்கு முன்னாடி மனுவப் போட்டுடு."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கிரண் முகம் சுண்டிப்போயிருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் கேக் டப்பாவின் நூலை நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

உத்தமன் தன் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டு வருசம் முழுச் சம்பளமா அண்ணாத்தே?" என்று கேட்டான். அப்புறம் கிரண் பக்கம் திரும்பினான். "எனுக்கும் அந்தச் சேர் கெடைக்குமா சார்?"

"நாளைக்கேகூட" என்றார் கிரண். கேக்கை வெட்டி, முதல் துண்டை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

 இவர் கையை எடுத்துப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.